குதிரையெல்லாம் எங்க போச்சு, மாப்ள?

மச்சான் மகனைக் கேலி பண்றது மாமனுக்குப் பட்டா போட்டுக் குடுத்த உரிமை. அதனால சொல்றேன், கோவிச்சுக்காத மாப்ள. ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 லிட்டர் டர்போ. 2004-ல நம்ம நாட்டுக்கு வந்தப்ப கோயமுத்தூர்ப் பசங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுப் பாத்த வண்டி. கம்பெனி குடுத்தது 150 குதிரை, 210 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அது பத்தாதுன்னு லேப்டாப்பைச் சொருகி ரீமேப் போட்டு, 190 குதிரை, 280 நியூட்டன் மீட்டர்னு ஒரு காயிதத்துல பிரிண்ட் எடுத்து, அதை ஃபிரேம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டி வெச்சிருக்கற. சந்தோசம். இப்ப அவிநாசி ரோட்டுல ஒரு டவுன் பஸ்ஸை முந்தலாம்னு மிதிச்சா இஞ்சின் மட்டும் ஊளையிடுது, வண்டி நகர மாட்டீங்குது. பஸ் டிரைவரு கண்ணாடியில உன்னையப் பாத்துச் சிரிச்சாராம்ல?

உடனே நீ என்ன பண்ணுன? ஃபோனை எடுத்து ‘ஸ்டேஜ் 3 கிளட்ச்’ என்ன வெலைன்னு தேட ஆரம்பிச்சுட்ட. நோவு எங்கன்னு பாக்கறதுக்கு முன்னால காசை எடுத்துட்டுக் கெளம்பறது உங்கப்பன் காலத்துல இருந்தே உங்க குடும்பத்துல இருக்கற வழக்கம்தான். இருந்தாலும் பல்லடம் ரோட்டுல லேலண்ட் காமெட்டுக்கு அடியில படுத்துப் படுத்தே தலை நரைச்ச ஒருத்தன் சொந்தத்துல இருக்கறப்ப, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா கொறஞ்சா போயிரும்?

கிளட்ச்சுங்கறது ஒண்ணும் மந்திரம் இல்ல. இஞ்சின் பக்கம் ஃப்ளைவீல் சுத்துது. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு ஷாஃப்ட்டு நீட்டிட்டு இருக்குது. அந்த ஷாஃப்ட்டு மேல கிளட்ச் பிளேட்டு, ரெண்டு முகத்துலயும் லைனிங் வெச்சு ரிவெட் அடிச்சது. பிரஷர் பிளேட்டு அதை ஃப்ளைவீலோட சேத்து அமுக்கிப் பிடிக்குது. பெடலை மிதிச்சா ரிலீஸ் பேரிங் போயி டயாஃப்ரம் ஸ்பிரிங்கோட விரலைத் தள்ளும், பிடி விடும். காலை எடுத்தா மறுபடி பிடிச்சுக்கும். மாவு மில்லுல மோட்டாருக்கும் கல்லுக்கும் நடுவுல பட்டை பெல்ட்டு ஓடும், பாத்திருக்கற. ஒரு மூட்டைக் கம்பை ஒட்டுக்காக் கொட்டுனா மோட்டாரு சுத்தும், கல்லு நிக்கும், பெல்ட்டு வழுக்கிப் புகையும். மில்லுக்காரன் பெல்ட்டைப் பாத்துட்டுத்தான் மத்ததைப் பாப்பான். நீ பெரிய மோட்டாரை மாட்டிப்போட்டு, பொறவு பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்குதாங்கற சேதியே இப்பத்தான் கேள்விப்பட்டு வந்திருக்கற.

சரி, வழுக்கறது கிளட்ச்சுதானான்னு மொதல்ல தெரியோணும். விடியக்காலம், ரோடு காலியா இருக்கறப்ப, நாலாவது கியர்ல 2,000 ஆர்.பி.எம்.-ல போயிட்டு இருக்கறப்போ ஆக்ஸிலேட்டரை முழுசா மிதி. முதல் கியர்ல மிதிச்சுப் பாத்து ஒரு எழவும் தெரியாது. ஒண்ணு டயரு சுத்தும், இல்லைன்னா வண்டி பாஞ்சுரும். மேல் கியர்லதான் வண்டி மெதுவா வேகம் எடுக்கும், டர்போவும் அந்த நேரம் பாத்து முழு முறுக்கையும் கொண்டாந்து கொட்டும், கிளட்ச்சு தப்பிச்சு ஓட வழியில்ல. அப்ப ரெண்டு முள்ளையும் பாரு. அந்தக் கியர்ல 2,000-க்கு 60 கிலோமீட்டர்னா, 3,000-க்கு 90 இருந்தே ஆகோணும். பல்லுச் சக்கரம் பொய் சொல்லாது. ஆர்.பி.எம். 3,000-க்குத் துள்ளிப் போயி, ஸ்பீடு முள்ளு மட்டும் 65-லயே நின்னு வேடிக்கை பாத்துச்சுன்னா கிளட்ச்சு வழுக்குது. ரெண்டு முள்ளும் சேந்தே ஏறுது, ஆனா சோம்பேறித்தனமா ஏறுதுன்னா கிளட்ச்சு மேல பழி போடாத. டர்போவுல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ் எங்கயாவது கிளிப்பு கழண்டு காத்து போகுதான்னு பாரு. ஹோஸ் கிளிப்பை முடுக்க வேண்டிய எடத்துல கியர்பாக்ஸை எறக்குன மகராசனுங்க நெறைய இருக்கறாங்க.

இன்னொரு சோதனை. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, கூடவே கால் பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு, மூணாவது கியர்ல போட்டுக் கிளட்ச்சை விடு. இஞ்சின் டப்புன்னு நின்னுரோணும். நிக்காம முனகிக்கிட்டே ஓடுச்சுன்னா லைனிங் போச்சு. ஒரு தடவை போதும். சிநேகிதனுக்குக் காட்டறேன், அவன் சிநேகிதனுக்குக் காட்டறேன், வீடியோ எடுக்கறேன்னு செஞ்சுக்கிட்டே இருந்தா மிச்சம் இருக்கற லைனிங்கும் அந்த வீடியோவுலயே கருகிரும். உங்கப்பன் கடன் வாங்கிக் கட்டுன காம்பவுண்டு சுவத்துக்கு நேரா நிறுத்தி இதைச் செய்ய வேண்டாம்.

வழுக்கறது ஒரு நோவு, விடாம இழுக்கறது வேற நோவு. பெடலை முழுசா மிதிச்சும் ரிவர்ஸ் கர்ருனு பல்லைக் கடிச்சா, கிளட்ச்சு முழுசாப் பிரியலைன்னு அர்த்தம். அதுக்கு லைனிங் தேயறது காரணமா இருக்காது. ஆயில் கொறைஞ்சிருக்கும், காத்து பூந்திருக்கும், மாஸ்டர் சிலிண்டரோ கீழ இருக்கற ஸ்லேவ் சிலிண்டரோ கசியும். இல்லைன்னா, போன வருசம் ஒரு பையன் வந்தான், ரேஸ் காருக்குன்னு விக்கற மொத்தமான மேட்டு வாங்கி, கம்பெனி மேட்டுக்கு மேலயே விரிச்சிருந்தான். பெடலு கீழ எறங்கவே எடம் இல்ல. மேட்டை உருவி அவன் கையில குடுத்தேன், கியர் விழுந்துச்சு. கூலியா ஒரு டீ வாங்கிக் குடுத்தான், அதுக்கும் சில்லறை இல்லைன்னு என்கிட்டயே கேட்டான்.

சத்தத்தையும் காது குடுத்துக் கேளு. பாட்டை அணைச்சுட்டுக் கேளு, அதுதான் உனக்குக் கஷ்டம். பெடலை மிதிச்சா மட்டும் உய்ய்னு சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். நியூட்ரல்ல காலை எடுத்திருக்கறப்ப சத்தம் வந்து, மிதிச்சா அடங்குனா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங், அதுக்குக் கிளட்ச் செட்டு மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல. இஞ்சினை ஆஃப் பண்றப்ப கீழ கடகடன்னு உலுக்குச்சுன்னா ஃப்ளைவீலைச் சந்தேகப்படு. எடுக்கறப்ப வண்டி நடுங்கி நடுங்கி எடுத்தா லைனிங்ல எண்ணெய் பட்டிருக்கலாம், இஞ்சின் மவுண்டு ரப்பர் கிழிஞ்சும் இருக்கலாம். மவுண்டை மொதல்ல பாரு, அது சுளுவா மேலயே தெரியும்.

உன்ற வண்டியை நான் ஓட்டிப் பாத்தேன். பெடலு மேல வந்து பிடிக்குது, நாலாவது கியர்ல முள்ளு தனியா ஓடுது, வாசம் வேற. சந்தேகமே இல்ல, கிளட்ச்சு போச்சு. ஆனா ஏன் போச்சுன்னு நீ சொன்ன கதையிலதான் எனக்குச் சந்தேகம். ‘கம்பெனி தரம் இல்ல மாமா’ங்கற.

இஞ்சினியரிங் படிச்ச புள்ளைதான நீ, கணக்குப் போடலாமா? ஒரு கிளட்ச்சு எவ்வளவு முறுக்கு தாங்கும்? உராய்வு எண்ணு, அமுக்கற விசை, நடு ஆரம், மூணையும் பெருக்கு. லைனிங்குக்கு முகம் ரெண்டு, அதனால இன்னொரு ரெண்டால பெருக்கு. உதாரணத்துக்கு, பிரஷர் பிளேட்டு 500 கிலோ எடைக்கு அமுக்குதுன்னு வெச்சுக்க, சுமாரா 4,900 நியூட்டன். ஆரம் 9 சென்டிமீட்டர். உராய்வு 0.3. பெருக்குனா 265 நியூட்டன் மீட்டர் வருது. 210 தர்ற இஞ்சினுக்கு இது தாராளம். ரீமேப் போட்டு 280 ஆக்குன பொறவு? பதினஞ்சு நியூட்டன் மீட்டர்தான கொறையுதுன்னு நீ சொல்லுவ. கூத்தே அங்கதான் ஆரம்பிக்குது. ஒருக்கா வழுக்குனா சூடாகும். லைனிங் அளவு மீறிச் சூடானா உராய்வு கொறையும். 0.3 இருந்தது 0.2 ஆச்சுன்னா, அதே கிளட்ச்சு 176-தான் தாங்கும். கம்பெனி இஞ்சினையே தாங்காது! அதனாலதான் நேத்து நல்லா இருந்த வண்டி இன்னிக்கு டவுன் பஸ்ஸுக்குத் தோத்துச்சு. உன்ற சொவத்துல தொங்கற 190 குதிரையில முக்காவாசி, பின்னால வர்றவன் மூக்குக்குப் போகுது.

அதோட உன்ற இடது காலையும் நான் பாத்துட்டேன். கிளட்ச்சுக்குப் பக்கத்துல இடது கால் வெக்கறதுக்குன்னே ஒரு மேடை கட்டிக் குடுத்திருக்கறான் கம்பெனிக்காரன். உனக்கு அங்க கால் வெச்சாத் தூக்கம் வராது. பெடலு மேலயேதான் பூட்ஸ் காலை வெச்சிருக்கற. கொஞ்சூண்டு பாரம் போதும், ரிலீஸ் பேரிங் விரலைத் தொட்டுக்கிட்டே சுத்தும், பிடியும் தளரும். வால்பாறை மலையில 40 கொண்டை ஊசி வளைவு. ஞாயித்துக்கிழமை காலையில கூட்டமாப் போயி, முன்னால ஒரு லாரி நின்னா பிரேக்கைப் பிடிக்காம ஹாஃப் கிளட்ச்சுலயே வண்டியை நிறுத்தி வெச்சுக்கிட்டு, ‘எப்படி பேலன்ஸ் பண்றேன் பாரு’ன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்டப் பீத்திக்கற. பேலன்ஸ் நீ பண்ணல, லைனிங் பண்ணுச்சு. அப்பறம் அந்த லாஞ்சுன்னு ஒரு கண்ராவி. நாலாயிரத்துல இஞ்சினை அலற விட்டுக் கிளட்ச்சை உதறுவியே, அது ஒவ்வொண்ணும் ஒரு மாசத்து ஆயுசு. காதலியை இறக்கி விட்டுட்டுப் போறப்ப செஞ்சதையும் சேத்துத்தான் சொல்றேன். இல்லைன்னு தலையாட்டாத, பெட்டிக்கடைக்காரன் சொல்லிட்டான்.

இப்ப வாங்கற கதைக்கு வா. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3-ன்னு டப்பாவுல போட்டிருக்கறதுக்கு ஊரறிஞ்ச அளவுகோல் ஒண்ணும் கிடையாது. ஒருத்தன் ஸ்டேஜ் 2 இன்னொருத்தனுக்கு ஸ்டேஜ் 1. ஸ்டேஜைக் கேக்காத, எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்னு கேளு. உன்ற 280-க்கு 350 தாங்கறது எடுத்தாப் போதும். அதுக்கு மேல தாங்கறதை எடுத்து என்ன, கெணத்துல தண்ணி எறைக்கப் போறியா?

தாங்கற சக்தியைக் கூட்டறதுக்கு வழி நாலுதான், இப்பப் பெருக்குனோமே, அதுக்குள்ளயே இருக்குது. ஆரத்தைக் கூட்ட உள்ள எடம் இல்ல. முகத்தைக் கூட்டறதுன்னா ரெட்டைப் பிளேட்டு, அதுக்குச் சொத்தை எழுதி வெக்கோணும். மிச்சம் ரெண்டு. ஸ்பிரிங்கைக் கடினமாக்கி அமுக்கற விசையைக் கூட்டலாம், பெடலு கனக்கும், பேரிங்குக்கும் சுமை ஏறும். இல்லைன்னா லைனிங்கை மாத்தி உராய்வைக் கூட்டலாம். நீ ஃபோன்ல பாத்து ஜொள்ளு விட்டியே, துண்டு துண்டா ஆறு பீங்கான் பில்லை ஒட்டுன பிளேட்டு, அது சூடு நல்லாத் தாங்கும், பொய் இல்ல. ஆனா அதுக்கு ‘பிடிச்சேன்’, ‘விட்டேன்’, ரெண்டே வார்த்தைதான் தெரியும். நடுவுல நெளிவு சுளிவு கிடையாது. காந்திபுரம் சிக்னல்ல சாயங்காலம் ஆறு மணிக்கு அதோட நின்னு பாரு, ஒவ்வொரு தடவையும் தவ்வித் தவ்வி எடுக்கும். பொண்ணு பாக்கப் போறப்ப மாமனாரை முன் சீட்டுல உக்கார வெச்சு ஓட்டுனியனா, கல்யாணம் அந்தச் சிக்னல்லயே நின்னு போகும். உனக்கு வேண்டியது, சாதா லைனிங்கே போட்ட பிளேட்டும், கொஞ்சம் கடினமான பிரஷர் பிளேட்டும். பாக்கறதுக்கு ஒரு பவுசும் இருக்காது. ஃபோட்டோ எடுத்துப் போட முடியாதுங்கறதுதான் அதோட ஒரே குறை.

ரேஸு ஓட்டறவன் பீங்கான் போடட்டும், அவனுக்குச் சிக்னல் இல்ல. நம்மூரு கரிவரதன் மாருதி 800-ஓட 796 சி.சி. இஞ்சினை வெச்சுத்தான் ஃபார்முலா மாருதின்னு ரேஸ் காரே கட்டுனாரு. உன்ற இஞ்சின்ல பாதி கூட இல்ல. செட்டிபாளையத்துல அவரு பேருலயே டிராக்கு இருக்குது, வேகம் முட்டுனா அங்க போயிக் காசு கட்டி ஓட்டு. அவிநாசி ரோட்டுல எங்களையும் கொஞ்சம் நடமாட விடு.

வேலை எப்படி நடக்கோணும்னு சொல்றேன், மெக்கானிக்கு பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாரு. ஃபோனை உள்ள வெச்சுட்டு உக்காரு. பேட்டரி ஒயரைக் கழட்டி, மேல இருக்கற ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டாரு, ரெண்டு பக்கத்து ஆக்ஸில், எல்லாம் கழட்டுன பொறவு, இஞ்சினைத் தாங்கிப் பிடிச்சு மவுண்டைக் கழட்டிக் கியர்பாக்ஸை எறக்குவாங்க. வர்ற தூசியை ஏர் பைப்பு வெச்சு ஊத விடாத. அந்தக் காலத்து லைனிங்ல கல்நார் கலந்திருக்கும். இப்ப இல்லைன்னு டப்பாவுல அடிச்சிருந்தாலும் அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போறது நல்லதில்ல. பிரேக் கிளீனரைத் தெளிச்சு ஈரமாத் துடைக்கச் சொல்லு.

பழைய பிளேட்டைக் கழட்டுனதும் தூக்கி எறிஞ்சுராதீங்க, அதுலதான் உன்ற ஜாதகமே இருக்குது. லைனிங் ரிவெட் தலை வரைக்கும் சமமாத் தேஞ்சிருந்தா, பாவம், வயசாகிச் செத்திருக்குது. லைனிங் இன்னும் தடிப்பா இருக்குது, ஆனா கண்ணாடியாட்டம் பளபளக்குது, பிரஷர் பிளேட்டு முகத்துல நீலம் பூத்திருக்குதுன்னா, சூட்டுல செத்தது. அதைச் செஞ்சவன் ஸ்டூல் மேல உக்காந்து முழிச்சிட்டு இருப்பான். ஈரமா எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தொட்டு மோந்து பாரு. கந்தக நாத்தம் மூக்கைத் துளைச்சா கியர் ஆயில், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல்ல இருந்து வருது. அது இல்லாம கறுப்பா இருந்தா இஞ்சின் ஆயில், கிராங்க் பின்னால இருக்கற சீல்ல இருந்து வருது. எந்தச் சீல்னு தெரியாம புதுப் பிளேட்டை மாட்டுனா, அடுத்த தீவாளிக்குள்ள மறுக்கா எறக்கோணும். கசியலைன்னாலும் ரெண்டு சீலையும் இப்பவே மாத்திரு. சீலு காசு கொஞ்சம், கியர்பாக்ஸ் எறக்கற கூலிதான் காசு.

ஃப்ளைவீலு. இந்த ஜாதி டர்போ வண்டிகள்ல பெரும்பாலும் டூயல் மாஸ், அதாவது ரெண்டு துண்டு, நடுவுல ஸ்பிரிங் வெச்சு அதிர்ச்சியைக் குடிச்சுக்கற ரகம். சாதா ஃப்ளைவீல்னா லேத்துல கொடுத்து முகத்தை ஒரு ஓட்டு ஓட்டிரலாம். இதை அப்படிப் பண்ணக் கூடாது. கையில திருகிப் பாத்து, அளவுக்கு மேல ஆடுச்சுன்னா புதுசுதான். ‘ஒத்தைத் துண்டு போட்டா லேசாகிரும் அண்ணா, ரேஸ் ஆகும்’னு கடைக்காரப் பையன் ஆசை காட்டுவான். ஆகும். நியூட்ரல்ல நிக்கறப்ப கியர்பாக்ஸுக்குள்ள பல்லு பல்லோட மோதற சத்தமும் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ மறுபடி இங்கதான் ஓடி வருவ, நான் வீட்ல இருக்க மாட்டேன்.

மாட்டறப்ப பாக்க வேண்டியது. புது பிரஷர் பிளேட்டுல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் பூசியிருப்பான், அதைச் சுத்தமாத் துடைச்சுட்டுத்தான் போடோணும். லைனிங்கைக் கிரீஸ் கையோட தொட விடாத. பிளேட்டுல ஒரு பக்கம் ஃப்ளைவீல் பக்கம்னு அடிச்சிருக்கும், திருப்பிப் போட்டா அவ்வளவு வேலையும் வீண். சென்டரிங் பண்ண டூல் இருக்குதா, இல்லைன்னா பழைய ஷாஃப்ட்டு ஒண்ணைச் சொருகியாவது நடுமையம் பாக்கோணும். போல்ட்டை ஒண்ணை முழுசா முடுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, எதிரெதிரா, கொஞ்சங் கொஞ்சமா முடுக்கிட்டு வந்து, கடைசியில டார்க் ரெஞ்சு வெச்சு மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு. ஷாஃப்ட்டு ஸ்பிளைன்ல கிரீஸ் பேருக்கு ஒரு தொடுப்பு, அப்பிட்டா அது சுத்தற வேகத்துல தெறிச்சு லைனிங்குக்கே போகும். ரிலீஸ் பேரிங் புதுசு. கியர்பாக்ஸை மேல ஏத்தறப்ப, போல்ட்டு பிடிக்கற வரைக்கும் பாரத்தைத் தாங்கிப் பிடிச்சே வெச்சிருக்கோணும். ஷாஃப்ட்டு மேல தொங்க விட்டுட்டு டீ குடிக்கப் போனா பிளேட்டோட ஹப் வளைஞ்சுரும். அந்த நேரம் பாத்து நீயே டீ வாங்கித் தர்றேன்னு கூப்பிட்டுராத.

உன்ற வண்டியில கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே டப்பாவுலதான் ஆயில் குடிக்குது. காத்து எடுக்கறப்ப டப்பா காலியாகாமப் பாத்துக்கோணும், இல்லைன்னா கிளட்ச்சு செய்யப் போயி பிரேக்குக்குள்ள காத்து பூந்துரும்.

முடிஞ்சு வண்டி வெளிய வந்ததும்தான் உனக்குச் சோதனையே. முதல் 800 கிலோமீட்டர் புது லைனிங் ஃப்ளைவீலோட முகம் பழகோணும். அதுக்கு டவுனுக்குள்ள நிறுத்தி நிறுத்தி, பொறுமையா எடுத்து ஓட்டோணும். முழு மிதி கிடையாது, லாஞ்சு கிடையாது, வால்பாறை கிடையாது. நேரா ஹைவேயில சேலம் போயிட்டு வந்து 300 ஓடிருச்சுன்னு கணக்குச் சொன்னா ஒத்துக்க மாட்டேன், டாப் கியர்ல போறப்ப கிளட்ச்சு என்னத்தப் பழகும்? டவுனுக்குள்ள 800 ஓட்ட உனக்கு என்ன சோலி இருக்குதுன்னு கேப்ப. உங்கத்தைகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். திங்கக்கிழமை சிங்காநல்லூர் உழவர் சந்தை, செவ்வாக்கிழமை கண்ணாஸ்பத்திரி, புதன்கிழமை ரேசன் கடை, வெள்ளிக்கிழமை கோனியம்மன் கோயிலு. நடுவுல ஒண்டிப்புதூர்ல அவ தங்கச்சி வீடு, அங்க போனா ரெண்டு மணி நேரத்துக்குக் குறைஞ்சு எந்திரிக்க மாட்டா, நீ வண்டியிலயே காத்துட்டு இரு. மருதமலைக்குப் போலாம்னு கேட்டா மட்டும், 800 தாண்டட்டும் அத்தைன்னு சொல்லிரு. காலையில ஆறரைக்கு ரெடியா இருப்பா, அந்தப் பீங்கான்காரனுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தா இன்னிக்கே போயித் திருப்பி வாங்கிட்டு வா.